வாசல் திறந்த போர்க்கப்பல்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் எங்கள் காலை பஸ்ஸின் கண்டக்டருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயதானவர்களுக்கு அவர் தம்பி, எங்களுக்கு அண்ணே, சண்டைக்கு வருகிறவர்களுக்கு யோவ் கண்டக்டர். ஆகவே இங்கேயும் அவர் பெயரில்லாமலே வரட்டும். ஒல்லியான ஆள். காதில் பென்சில். பின்படிக்கட்டில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்த ரோட்டையே பார்த்தபடி நிற்பார். டிரைவருக்குக் கண் முன்னால் இருந்தால் போதும், கண்டக்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். டிக்கெட் கொடுக்கும்போதுகூட அந்தக் கழுத்து பாதி திரும்பியே இருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் அரியலூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். முதல் வாரமே ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, டிபன் பாக்ஸ் சாம்பார் புடவையில் சிந்த ஓடினேன். பஸ் ஸ்டாண்டை விட்டு பஸ் வெளியே போய்விட்டது. சரி, இன்றைக்கு ஹெட் கிளார்க்கிடம் அர்ச்சனைதான் என்று நினைத்த நேரத்தில் விசில் கேட்டது, பஸ் நின்றது. ஏறியதும் மூச்சிரைக்க ஏதோ மன்னிப்புக் கேட்டேன்.

"மெதுவா வாம்மா. ஓடியார்றவங்கள உட்டுட்டுப் போறதுக்கு நாங்க என்ன ரயிலா?" என்றார்.

அவ்வளவுதான் அவர். இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டியதில் முக்கால்வாசியைச் சொன்னமாதிரிதான். ஓடி வருகிறவரை விட்டுவிட்டுப் போகத் தெரியாது அவருக்கு. தூரத்தில் வரப்பில் ஒரு வெள்ளைத் துண்டு அசைந்தால் போதும், "ஹோல்டான்" என்று குரல் வந்துவிடும். டிரைவர் பெரிய மீசைக்காரர், வாயைத் திறந்தால் வசவுதான் வரும். திட்டிக்கொண்டே பிரேக்கை மிதிப்பார். எங்களுக்குப் பின்னால் வேறொரு முதலாளியின் பஸ் வந்துகொண்டிருக்கும். தனியார் பஸ்களுக்கு நேரம்தான் சொத்து. நாம் நின்று நின்று போனால் அவர்களுடைய ஆட்களையும் நாமே அள்ளிக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம். அந்த பஸ்ஸின் கண்டக்டர் வாரம் ஒரு முறையாவது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார், எங்க டைமைத் திங்கிறியா என்று. நம்மவரோ பின்னால் யாராவது ஓடி வருகிறார்களா என்று அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். சண்டைக்கு வந்தவருக்கு அதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும்?

ஒரு தடவை ஒரு அம்மா கையை ஆட்டிக்கொண்டு, முந்தானை பறக்க, சோளக்கொல்லை நடுவில் ஓடி வந்தாள். நிறுத்தினார். அவள் கிட்டே வந்தாள், பஸ்ஸைத் தாண்டினாள், அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தன் ஆட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். பஸ்ஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் அந்த இடம் வந்தால் யாராவது ஒருவர், அண்ணே ஆடு வருது, நிப்பாட்டுங்க என்பார்கள். அவரும் சிரிப்பார். அடுத்த திருப்பத்திலேயே வேறொரு துண்டுக்காக நிறுத்துவார்.

வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பெரிய கலம் உடைந்து பூமியில் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட காலம் ஒன்று வந்தது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸில் பேச்சே அதுதான். நம்ம தலையில் விழுமா, கடலில் விழுமா, விழுவதற்குள் கடன் வாங்கிச் சாப்பிட்டுவிடலாமா என்று ஆளுக்கொரு கவலை. இவர் மட்டும் பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை, காலியாகத்தான் வருகிறது என்று சொன்னேன். அப்பாடா என்று பேப்பரை மடித்துக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்புறம் ஒரு வாரம் கழித்து ஒரு பழைய காலண்டர் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாங்கள் சிலர் சேர்ந்து 'மருதையாறு' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். மாதம் ஒன்று, பிரதியும் ஒன்றே ஒன்று. எல்லாருடைய கதை கவிதைகளையும் நான்தான் உருட்டி உருட்டி எழுதி, தைத்து, அட்டை போடுவேன். வீடு வீடாகப் போகும். கடைசியில் சில பக்கங்களை வெறுமனே விட்டுவிடுவோம். படித்தவர்கள் அங்கே கருத்து எழுதவேண்டும். அதைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்களோ.

"தங்கச்சி, ஒரு சண்டைக் கப்பலு. ஆகாசத்துல போறது. படம் போட்டு கதையும் வச்சிருக்கேன். போடுவீங்களா?" என்றார். முகம் கூச்சத்தில் சிறுத்துப்போயிருந்தது.

தாளை விரித்துப் பார்த்தேன். விண்வெளிப் போர்க்கப்பல் என்றால் ஈட்டிமாதிரி கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பின்பக்கம் பெருத்து முன்பக்கம் சிறுத்து, ஒரு கத்தரிக்காயைப் படுக்க வைத்தமாதிரி இருந்தது. பீரங்கிகள் எல்லாம் பின்னால். தடித்த இரும்புத் தோல் பின்னால். பெரிய வாசல் ஒன்று, அதுவும் பின்னால். முன்னால் ஓட்டுகிறவர் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி, அதோடு சரி. என்ன அண்ணே, கப்பல் பின்னால் போகுமா என்று கேட்டேன். போகாது, போகும்போது பின்னால் பார்த்துக்கொண்டு போகும் என்றார்.

கப்பலின் பெயர் 'கடைசிவண்டி'.

அதனுடைய வேலையை அவர் விளக்கிய விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டிக்கெட் கிழித்துக்கொண்டே, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, பல நாட்களாகச் சொன்னார். படையில் முன்னால் பாய்கிற கப்பல்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு இடி, மின்னல், புலி என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும். கடைசிவண்டி முதலில் சுடாது. சண்டை நடக்கும்போது ஓரமாக நிற்கும். தோற்றுத் திரும்பும் நேரம் வரும்போதுதான் அதற்கு வேலை. ஓடுகிற நம் கப்பல்களுக்கும் துரத்துகிற எதிரிக்கும் நடுவில் போய்க் குறுக்கே நிற்கும். அடியெல்லாம் அதன் பெருத்த முதுகில் விழும். அப்படியே பின்வாசலைத் திறந்து, நூலேணியை வீசி, உடைந்த கப்பல்களிலிருந்து விழுந்து மிதக்கிறவர்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொள்ளும். எல்லாரும் ஏறின பிறகுதான் கிளம்பும். உள்ளே சீட்டுகளை மடித்தால் காயம்பட்டவர்கள் படுக்கலாம். பெண் சிப்பாய்களுக்கு முன்பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்.

நாங்கள் தொடராகப் போட்டோம். முதல் இதழ் திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் அரியலூரில் இருந்தார். 'மருதையாறு' முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். வாழ்நாள் முழுக்க ஒரு வண்டியையும் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாக அனுப்பாதவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கப்பல் பஸ்மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்திருந்தார். எந்தப் படையிலும் வாசல்காரன் தலைவனுக்குக் கட்டளை இடுவதில்லை, இதில் மட்டும் வாசல்காரன் கயிற்றை இழுத்து மணி அடிக்காமல் கப்பல் நகராதாம், இது என்ன கூத்து என்று எழுதியிருந்தார். ஆகாயத்தில் காற்று கிடையாது, ஆகவே மணி அடித்தால் கேட்காது என்பது கடைசி வரி, அடிக்கோடு போட்டது.

கண்டக்டர் அதைப் படித்து முதலில் சோர்ந்துபோனார். பஸ்மாதிரி என்றதுதான் அவரைக் குத்தியது. இரண்டு நாள் கழித்துப் பென்சிலால் பதில் எழுதிக் கொடுத்தார். மணி வேண்டாம், வாசல்காரர் இழுக்கிற கயிற்றின் மறுமுனையைத் தலைவர் இடுப்பில் கட்டிவிடலாம். வாசல்காரர் ஏன் பெரியவர் என்றால், யார் இன்னும் ஏறவில்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இதைப் படித்துவிட்டு மீசைக்கார டிரைவர், நல்லவேளை என் இடுப்பில் கட்டலை என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல காலம். கடைசிவண்டியைப் படிப்பதற்கென்றே ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் சொல்லியனுப்பிப் பத்திரிகையை வாங்கினார்கள். அரிசி ஏற்றிக்கொண்டு போகிற கப்பல்களுக்குப் பின்காவலாகப் போனது கடைசிவண்டி. முற்றுகையில் மாட்டிக்கொண்ட கிரகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையும் பென்சிலும் பின்பக்கத்தில் மல்லுக்கட்டும். இரண்டு பேரும் நேரில் பேசிக்கொண்டதே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் பஸ்ஸில் ஏறமாட்டார். அது நேரத்துக்குப் போகாது என்பது அவர் கட்சி.

கப்பலில் ஒரு விஷயம்தான் இடித்தது. கடைசிவண்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்வேலி உண்டு, எதிரியின் குண்டு அதைத் தாண்டி வராது. ஆனால் வாசலைத் திறந்தால் வேலி அறுந்துபோகும். திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே இருக்கிறவர்களுக்கு ஆபத்து. மூடினால் வெளியே மிதக்கிறவனுக்குச் சாவு. இதைச் சரிசெய்ய அவர் படாத பாடு பட்டார். வாசலுக்கு உள்ளே இன்னொரு வாசல் வைத்துப் பார்த்தார். வலை வீசிப் பார்த்தார். குட்டிப் படகுகளை அனுப்பிப் பார்த்தார். சிவப்பு மை ஒவ்வொன்றையும் அடித்துப்போட்டது. எனக்கே பொறுக்கவில்லை. உங்க கப்பல், உங்க கதை, வாசலைத் திறந்தாலும் அறாத வேலியாகப் போட்டுவிட்டுப் போங்களேன் என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்படி ஒரு வண்டி கெடையாதும்மா. நின்னா உள்ள இருக்கறவங்களுக்கு நட்டம்தான். அத இல்லேன்னு எழுதுனா பொய்யாப் போயிரும்."

பிறகு பெரிய சண்டை வந்தது. இரட்டை நிலாக் கிரகத்தில் நம் படை தோற்றுத் திரும்புகிறது. கடைசிவண்டி குறுக்கே நிற்கிறது. உள்ளே காயம்பட்டவர்கள் நிறைந்துவிட்டார்கள். எதிரியின் பெரிய கப்பல் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒருவர் வெளியே மிதந்து வருகிறார். உடைந்த ஒரு கப்பலின் சமையல்காரர். வாசல் திறந்திருக்கிறது, வாசல்காரர் கையில் கயிறு. தொடரும் என்று போட்டு நான் தைத்தேன். ஒரு சமையல்காரனுக்காகவா இத்தனை பேரைப் பலி கொடுப்பது என்று சிவப்பு மை கேட்டது. மற்றவர்கள் எல்லாரும் சமையல்காரர் பக்கம்தான், நில்லுங்கள் நில்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. வாழை இலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒற்றையடிப் பாதையில் ஓடி வந்தார். எந்த வீட்டு விசேஷத்துக்கோ. வழக்கம்போல நின்றோம். இலைக் கட்டை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டவேண்டியிருந்தது. அரியலூரில் நுழையும் முன் ரயில்வே கேட் ஒன்று உண்டு. நாங்கள் போய்ச் சேரவும் கேட் சாத்தவும் சரியாக இருந்தது. சரக்கு ரயிலுக்காகக் காத்திருந்தோம். எல்லாரும் முணுமுணுத்தோம், அதுவும் வழக்கம்தான். பின்சீட்டில் ஒரு பெரியவர் மகளோடு உட்கார்ந்திருந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்காக ஏறியவர். நெஞ்சு வலிக்கிறது என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் திடீரென்று அப்பா என்று கத்தியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்டக்டரும் டிரைவரும் அவரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

முன்னாடியே வந்திருந்தாலும் சொல்லமுடியாது என்றுதான் டாக்டர் சொன்னாராம். அந்த மகள் மட்டும் கண்டக்டரைப் பார்த்து, "நீங்க அங்க நிக்காம வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் அதைத் தனக்குள் முடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து எங்கள் பஸ் நேரத்துக்குப் போக ஆரம்பித்தது. டைம் கீப்பர் கைகாட்டினதும் விசில். ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் ஏறினதும் விசில். வரப்பில் துண்டு அசைந்தால் அவர் குனிந்து பையில் எதையோ தேடுவார். ஒரு நாள் நானே ஓடினேன். பார்த்தார். கண்ணுக்குக் கண் பார்த்தார். விசிலை வாயில் வைத்து ஊதினார். பஸ் போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை, ரோட்டில் நின்று அழுகைதான் வந்தது. பஸ் நேரத்துக்குப் போகவேண்டும் என்று அத்தனை நாள் புலம்பிய ஆபீஸ்காரர்கள் எல்லாரும் இப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வசவுகூட நின்றுவிட்டது.

கதையும் நின்றுவிட்டது. அடுத்த பகுதி எங்கே என்று கேட்டால் எழுதலம்மா என்பார். இரண்டு இதழ்கள் கடைசிவண்டி இல்லாமல் போயின. சமையல்காரர் மிதந்துகொண்டே இருந்தார், வாசல் திறந்தே இருந்தது. என்னமோ அந்தக் கப்பலில் நாங்கள் எல்லாருமே உட்கார்ந்திருப்பதுபோல ஆயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் இதுதான் சமயம் என்று ஏதாவது எழுதுவார் என்று பயந்தேன். நான் அப்போதே சொன்னேன் என்று எழுத அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பின்பக்கங்கள் வெள்ளையாகவே திரும்பி வந்தன.

கடலை பறிக்கும் பருவம் வந்தது. ஒரு நாள் காலை, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் ஒருவர் நட்ட நடு ரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார். தோளில் ஒரு பெண், பதினாறு பதினேழு வயது இருக்கும். அவளுடைய சித்தப்பா அவர். கடலைக்கொல்லையில் பாம்பு கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. கண் சொருகிக்கொண்டிருந்தது. சீட்டைக் காலி செய்து படுக்க வைத்தோம். கேட் சாத்துவதற்குள் போயிருங்க, கேட் சாத்துவதற்குள் போயிருங்க என்று பஸ் முழுக்க ஒரே குரல்.

அப்போது எல்லாருக்கும் தெரிந்தது, கொல்லைக்கு அந்தக் கோடியிலிருந்து ஒரு அம்மா ஓடி வருகிறாள். பெண்ணின் தாய். விழுகிறாள், எழுகிறாள், ஓடுகிறாள். ரொம்ப தூரம். அவள் ரோட்டுக்கு வந்து சேரும்வரை நின்றால் கேட் நிச்சயம் சாத்திவிடும். போனால், பெண் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் அவள் அந்த ரோட்டில் தனியாக நிற்கவேண்டும்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார், நல்ல நீளமாக. பஸ் நகர்ந்தது. அதே நேரம் தோளிலிருந்து தோல்பையைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"தங்கச்சி, பையப் புடி. நான் எறங்கிக்கிறேன்."

ஓடுகிற பஸ்ஸின் பின்படியிலிருந்து இறங்கிவிட்டார். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் நின்று காத்திருக்கவில்லை அவர். வேட்டை நாய்க்குப் பயந்தவன்போலக் கொல்லைக்குள் இறங்கி அந்த அம்மாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

மீசைக்காரர் எங்கும் நிறுத்தவில்லை. கேட்காரர் சாத்துவதற்குக் கை வைத்துவிட்டார், ஹாரனை அழுத்திப் பிடித்தபடி தாண்டிவிட்டோம். நேரே ஆஸ்பத்திரி. ஊசி போட்டார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கும் பத்திரிகை வந்தது.

தாயும் கண்டக்டரும் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். சண்டைக்கு வருவாரே, அவருடைய பஸ்தான். அவர் இரண்டு பேரையும் முன்சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். காத்திருந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று பிற்பாடு அந்த அம்மாவைக் கேட்டேன். "அந்தத் தம்பி என்னை அழ உடலீங்க. என்னமோ ஆகாசத்துல ஒரு கப்பலு, அதுல ஒரு சமையக்காரருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. பஸ்ஸு வர்ற வரைக்கும் ஊம் கொட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

கண்டக்டர் இல்லாத பஸ், ஆபீஸ் போகிற ஒரு பெண்ணின் மடியில் கம்பெனிப் பை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கென்று செக்கர் நின்றிருந்தார். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் நட்டநடு வழியில் வண்டியை விட்டு இறங்கிப்போகிற கண்டக்டரை வைத்துக்கொண்டால் நாளைக்கு எல்லாரும் இறங்குவார்கள் என்றார். நாங்கள் போய்ப் பேசினோம், மசியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு, அதுவும் பஸ் ஏறி, பெரம்பலூருக்கே போய் முதலாளியைப் பார்த்திருக்கிறார். போன காரியம் நடக்கவில்லை. அவர் போனதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போட உட்கார்ந்தார் அவர். வேலை போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆனால் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்தால் அங்கிருந்தே புதுக் கண்டக்டருக்குக் குரல் கொடுப்பார். ஒரு சாயங்காலம் கூப்பிட்டு, எழுதிக்க வசதி இருக்கா என்று கேட்டார். கடைசி அத்தியாயத்தை வாயால் சொன்னார். அங்கேயே சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

கப்பலில் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தார். வாசலுக்கு வெளியே ஒரு படி, ஒருவர் மட்டும் நிற்கிற அளவுக்கு. எதிரி நெருங்குகிறான். வாசல்காரர் கயிற்றை இழுக்கிறார். வாசல் மூடுகிறது, மின்வேலி கூடுகிறது, கடைசிவண்டி காயம்பட்டவர்களோடு போய்விடுகிறது. வாசல்காரர் உள்ளே இல்லை. வெளிப்படியிலிருந்து குதித்து, சமையல்காரரை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருக்கிறார். முற்றும்.

எனக்கு எழுத வரவில்லை. "அண்ணே, ரெண்டு பேரும் செத்துருவாங்களே" என்றேன்.

"சாவாங்களோ பொழைப்பாங்களோ, அது எனக்குத் தெரியாதும்மா. வண்டி போயிருச்சுல்ல. அவனும் தனியா இல்ல. எழுது."

எழுதினேன். அந்த இதழ் சுற்றிவிட்டு வந்தபோது முதலில் பின்பக்கத்தைத்தான் புரட்டினேன். ஆகாயத்தில் காற்று இல்லை, எப்படி உயிரோடிருப்பார்கள் என்று ஒரு பக்கத்துக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சிவப்பு மையில் ஒரே வரி இருந்தது. 'அடுத்த வண்டி எப்போது?'

சைக்கிள் ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்.

'வரும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்பாங்க.'